களிம்புச் சந்தையும் ஆறாத படையும்

செய்யூர் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நோய் பெரும்பாலும் காலிலிருந்துதான் தொடங்கும். பாத்தியில் உவர்நீர் நிற்கிறது. அதில் இறங்கி நின்று உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். உவர்நீர் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும், உப்புப் பரல் குதிகாலை அறுக்கும், வெள்ளை வெளேரென்ற தரையிலிருந்து வெயில் மேல்நோக்கியும் அடிக்கும். பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், கணுக்காலில் கரப்பான், முழங்காலில் வீக்கம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். மேற்கே ஏரிப் பாசன வயல்களில் நாற்று நடும் பெண்களுக்கும், கிழக்கே கடப்பாக்கம், ஆலம்பரைப் பக்கத்து மீனவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வடிவில்.

அதனால் இந்தக் கரையோரத்தில் மேலே பூசும் மருந்துக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு. சரக்குதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது: வீட்டு எண்ணெய், பாட்டில் தைலம், மெடிக்கல் ஷாப் ட்யூப். ஒவ்வொரு தடவையும் விற்பனை முன்னால் ஓடியது. அந்த மருந்து தோலுக்குள் என்ன செய்கிறது என்ற அறிவு பல பத்தாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. அந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டவர்கள்தான் இப்போது தோல் மருத்துவர்களின் வாசலில் நிற்கிறார்கள்.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், களிம்பு என்று போகிற அந்த வரிசையில் அட்டை விடுவதும் கொம்பு வைத்து உறிஞ்சுவதும்கூட உண்டு. கிராமத்து வீடுகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது; பண்டுவம் தெரியும். சுளுக்குக்குப் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்று. வீக்கத்துக்கு நொச்சி இலை ஒற்றடம், அல்லது ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டு. படைக்குச் சீமையகத்தி, சொறிக்குக் குப்பைமேனி, அரிப்புக்குப் புங்கெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள்.

அக்கி வந்தால் மருந்து வைத்தியரிடம் இல்லை, குயவரிடம். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றி எழுதிவிடுவார். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து திரும்ப எழும் நோய். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானே அடங்கிவிடும். எழுதினாலும் அடங்கும், எழுதாவிட்டாலும் அடங்கும். ஆனால் எரிகிற தோலில் ஈரக் காவியின் குளிர்ச்சி பொய்யல்ல. புண்ணைத் தொட்டுக் கிளறாமல் பத்து நாள் காப்பாற்றியதும் பொய்யல்ல. தானாக ஆறும் நோய்க்குப் பூசப்படும் எந்த மருந்தும் நல்ல பெயர் வாங்கிவிடும். களிம்பு வணிகம் முழுவதற்குமே இது ஆதாரமான விதி.

தானாக ஆறாத நோய்தான் மருந்தைச் சோதிக்கும். காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) அப்படிப்பட்டது. அதற்கு இங்கே வழங்கிய மருந்து வெட்பாலைத் தைலம். இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் சில நாள் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். சமையல் அடுப்பு வேண்டாம், சூரியனே போதும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் சித்த ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். 777 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட எண்ணெய் அதிலிருந்துதான் கடைக்கு வந்தது. 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டபோது, செங்கல்பட்டுப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த மருந்து ஒரு மின்ரயில் பயணத்தின் தூரத்துக்கு வந்துவிட்டது.

இலை எங்கே, வேர் எங்கே என்ற அறிவு பெருமளவு இருளர்களிடம் இருந்தது. பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கு 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்து, வடநெம்மேலியில் அது விஷம் எடுத்து விற்பது நாடறிந்த செய்தி. அதே அளவுக்குப் பெயர் பெறாதது 1986இல் செங்கல்பட்டு அருகே தண்டரையில் உருவான இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம். மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் வைத்து, தைலமும் பொடியும் செய்து விற்கிறார்கள். பச்சிலையைப் பறித்துக் கொடுத்துக் கூலி வாங்கிப் போன சமூகம், தன் பெயரில் மருந்து விற்கத் தொடங்கியது அங்கேதான்.

பாட்டில் தைலத்தின் கதை வேறு ரகம். அதில் விளம்பரமும் கப்பலும் சுதந்திரப் போராட்டமும் வருகின்றன. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். 1914இல் தொழில் சென்னைக்கு வந்தது. சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே அதைப் பரப்பினார்கள் என்று சொல்வார்கள். மஞ்சள் தைலத்தில் வந்த பணம் ஆந்திர பத்திரிகாவை நடத்தியது, காங்கிரசுக்கும் கை கொடுத்தது. மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. தலைவலித் தைலம் விற்று ஒரு மொழியின் இதழியலை வளர்த்த மனிதர் உலகில் வேறு யாராவது உண்டா, சந்தேகம்தான்.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு தைல வணிகம் எழுந்தது. ரங்கூனில் ஹூ சு கின் என்ற சீன வைத்தியர் வைத்திருந்த கடையின் சரக்கை அவருடைய மகன்கள் புலித் தைலமாக்கினார்கள். 1920களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். 1928இல் சிங்கப்பூரில் கோடாலித் தைலம் பிறந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போன தமிழர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் இவை தவறாமல் வந்தன. இன்றும் வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் அத்தைமார்கள் முதலில் கேட்பது கோடாலித் தைலம்தான், தங்கம் அதற்கப்புறம்.

இந்தத் தைலங்களின் உள்சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: கற்பூரம், மென்தால், நீலகிரித் தைலம், மெத்தில் சாலிசிலேட். கடைசிப் பொருளுக்கு நம் மலையில் ஒரு பழைய தொடர்பு உண்டு. நீலகிரியில் வளரும் ஒரு புதரின் இலை எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான் என்பதை மதராஸ் அரசின் சின்கோனா ஆய்வாளராக இருந்த பிராட்டன் 1870களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டினார். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவுள்ள பொருள் அது. ஆனாலும் தைலம் பூசியதும் கிடைக்கிற சுகத்தில் பெரும்பங்கு அழற்சி குறைவதால் வருவதல்ல. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தட்டி எழுப்புகிறது. அந்தக் குளிர்ச்சிச் செய்தி வலியின் செய்தியை அமுக்கிவிடுகிறது. அந்த நரம்பு முனைகளில் இருக்கும் குளிர் உணர்வியின் அடையாளம் 2002இல்தான் தெரிந்தது. மிளகாயின் காரத்தை உணரும் உணர்வியை 1997இல் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பெற்றார். தைலம் கடைக்கு வந்து நூறாண்டு கழித்து, அது எப்படி வேலை செய்கிறது என்ற விடை வந்தது. நல்லவேளையாக அதில் பெரிய ஆபத்து ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

எல்லா மருந்தும் அப்படி இல்லை. அதைச் சொல்வதற்குமுன் செங்கல்பட்டை ஒட்டிய திருமணிக்குப் போக வேண்டும்.

1924இல் திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளர் குடியிருப்பு தொடங்கியது. அன்றைக்குத் தொழுநோய்க்கு உலகமே நம்பியிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். இந்திய நாட்டு மருத்துவத்தில் மேலே பூசவும் உள்ளே கொடுக்கவும் நெடுங்காலம் புழங்கியதை மேற்கத்திய மருத்துவம் ஊசியாக்கியது. வலி மிகுந்த ஊசி, பலன் அற்பம். பிறகு அங்கே தலைமை மருத்துவராக வந்த ராபர்ட் காக்ரேன், 1946இல் டாப்ஸோன் என்ற வேதிப்பொருளை எண்ணெயில் கலந்து நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். 1908இல் ஜெர்மனியில் செய்யப்பட்டு, மனிதருக்கு நச்சு என்று ஒதுக்கப்பட்டிருந்த பொருள். அளவைக் குறைத்துக் கொடுத்தால் உடல் தாங்கும், நோய் அடங்கும் என்று தெரிந்தது. சில ஆண்டுகளில் அது மாத்திரையாகி உலகெங்கும் போயிற்று. 1955இல் மத்திய அரசு அந்த இடத்தை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது.

களிம்புக் கதைக்கும் இதற்கும் என்ன உறவு? டாப்ஸோன் கிருமியை மட்டும் அடக்குவதில்லை. அழற்சி ஏற்பட்ட இடத்தில் வந்து குவியும் வெள்ளணுக்களின் சீற்றத்தையும் அடக்குகிறது. கொப்புளம் போடும் சில தோல் நோய்களில் மருத்துவர்கள் அதை அந்தக் காரணத்துக்காகவே கொடுத்துவந்தார்கள். 2005இல் முகப்பருவுக்கு மேலே பூசும் டாப்ஸோன் ஜெல்லுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. திருமணியில் ஊசியாகச் சோதித்ததற்கும் அமெரிக்காவில் ட்யூபாக வந்ததற்கும் நடுவே ஐம்பத்தொன்பது ஆண்டுகள். மாத்திரையாகக் கைவசம் இருக்கும் ஒரு மருந்தைத் தோலுக்கு ஏற்ற களிம்பாக்கலாமே என்று யோசிக்க இத்தனை காலம் ஆனது; அந்த ஐம்பதாண்டுகளில் தோல் மருந்துச் சந்தையை வேறொன்று முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதுதான் ஸ்டீராய்டு. 1948இல் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டு எழுந்து நடக்க வைத்தார் பிலிப் ஹென்ச். இரண்டே ஆண்டில் நோபல் வந்தது. ஆனால் கார்ட்டிசோனைத் தோலில் பூசினால் பலனில்லை. 1952இல் நியூயார்க்கின் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைப் பூசிப் பார்த்தார்கள், கரப்பான் அடங்கியது. தோல் மருத்துவத்தின் வரலாற்றையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு, மிகையில்லை. 1962இல் ஒரு சோதனை முறை வந்தது: மருந்தை முன்கையில் தடவி, ரத்தக் குழாய் சுருங்கித் தோல் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்ப்பது. வெளிறினால் வீரியம் அதிகம். அந்த அளவுகோலால் வேதியியலாளர்கள் வரிசையாக வீரியத்தை ஏற்றினார்கள். மறு ஆண்டே பீட்டாமெத்தசோன் வேலரேட் பெட்னோவேட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. எழுபதுகளில் அதைவிட வீரியமான குளோபெட்டசால்.

இந்தியாவில் இந்த ட்யூப்கள் நடந்துகொண்ட விதம் தனி. பீட்டாமெத்தசோனின் விலை சில பத்து ரூபாய்க்குள். அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், சிவப்பு மறையும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு மருத்துவரைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் "படைக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் காரியம் முடிந்தது. சட்டமும் வழிவிட்டிருந்தது. ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டுக் கேட்கும் அட்டவணை எச் பட்டியலில் இருந்தும், தோலில் பூசும் வகைகளுக்கு அதே அட்டவணையின் அடிக்குறிப்பு விலக்குத் தந்தது. அந்த ஓர் அடிக்குறிப்பின் நிழலில் ஒரு தேசச் சந்தை வளர்ந்தது. 2013இல் இந்தியாவில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகளின் விற்பனை சுமார் 1,400 கோடி ரூபாய் என்று தோல் மருத்துவர்கள் தங்கள் இதழில் கணக்குக் காட்டினார்கள்.

முகத்துக்குப் போடத் தொடங்கியதுதான் பெரிய விபரீதம். நாளடைவில் தோலின் நிறத்தை மங்கவைக்கும் இந்த மருந்தின் பக்கவிளைவை, சிவப்பழகு என்று ஊர் எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம், பிறகு விட முடியாமல் இரண்டு வருஷம். விட்டால் முகம் எரியும், சிவக்கும், பரு வெடிக்கும்; திரும்பப் பூசினால் அடங்கும். 12 தோல் மருத்துவ மையங்களில் முக நோயோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்குப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர்: கடைக்காரர், தோழி, பக்கத்து வீட்டு அக்கா.

உடம்பில் வரும் படர்தாமரையின் கதை இன்னும் மோசம். பூஞ்சைத் தொற்றின் மேல் ஸ்டீராய்டைப் பூசினால் அழற்சி அடங்கும், அதாவது உடம்பு நடத்தும் போர் நிற்கும். பூஞ்சை நிம்மதியாகப் படரும். வட்டமும் விளிம்பும் அழிந்து, என்ன நோயென்றே தெரியாத கோலத்துக்குத் தோல் மாறிவிடும். இந்த மாறுவேடத்தை இங்கிலாந்து மருத்துவர்கள் 1968இலேயே பெயரிட்டு எச்சரித்தார்கள். ஆனால் நம் கடைகளில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்றார்கள். எது வந்தாலும் இது போதும் என்ற ஏற்பாடு. அதன் விளைவுகளில் ஒன்றாகப் பலரும் காட்டுவது, சாதாரண மருந்துக்கு மசியாத பூஞ்சை. 2020இல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டு ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நாடு ஏறிவிட்டது. உப்பளத்து விரலிடுக்கு, மில் வேலைக்காரரின் இடுப்பு மடிப்பு, வியர்வையில் ஊறும் எந்த இடமும் அதற்கு உகந்த வயல்.

2018 மார்ச்சில் அடிக்குறிப்பின் விலக்கு 14 ஸ்டீராய்டுகளுக்கு நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட 328 கலவை மருந்துகளில் மூன்று-நான்கு மருந்துகளை ஒன்றாக அடைத்த களிம்புகளும் சேர்ந்தன. தாளில் சட்டம் மாறியது. கடை மேசையில் மாறியது அதைவிடக் குறைவு. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அதே விலையில், அதே வேகத்தில், கெடுதல் இல்லாமல் அரிப்பை நிறுத்தும் இன்னொரு ட்யூப் அவர் அலமாரியில் கிடையாது.

வலிக்குப் பூசும் ஜெல்லில் நிலைமை கொஞ்சம் தேவலாம். டைக்ளோஃபினாக் மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஜெல்லாகப் பூசினால் மாத்திரையில் போவதில் சுமார் 6 விழுக்காடுதான் ரத்தத்துக்குப் போகிறது. மேற்பூச்சின் முழு நியாயமும் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. அதே மருந்து மாட்டுக்கு ஊசியாகப் போய், மாடு செத்தபின் கழுகு தின்று, துணைக்கண்டத்தின் பாறுக் கழுகுகளை ஏறக்குறையப் பூண்டோடு அழித்தது 2004இல் நிரூபணமாயிற்று. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. செய்யூரிலிருந்து அதிக தூரமில்லாத திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் சோறுண்ண வந்த இரு கழுகுகள் 1990களின் இறுதியோடு நின்றுபோயின. அதற்கும் மருந்துக்கும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது, ஊர் போட்டுக்கொள்கிறது.

ஸ்டீராய்டுக்கு மாற்றாகப் புதிய களிம்பு செய்வது ஏன் கடினம்? தோல் ஒரு மதில். 500 டால்ட்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறை அது சாதாரணமாக உள்ளே விடாது. ஊசியாகப் போடும் நவீன எதிர்ப்புரத மருந்துகள் அதைப்போல முந்நூறு மடங்கு பெரியவை, களிம்பாக்க வழியில்லை. ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1984இல் எடுத்த டாக்ரோலிமஸ் 804 டால்ட்டன். அது எல்லையைத் தாண்டியது என்றாலும், அழற்சியால் மதில் இடிந்திருக்கும் இடத்தில் நுழைந்து, தோல் ஆற ஆறத் தானாகவே நுழைவது குறையும். ஸ்டீராய்டு போலத் தோலை மெலியவைக்காது. ஆனால் பூசிய முதல் நாட்களில் எரியும்; செங்கல்பட்டு வெயிலில் எரிகிற களிம்பை ஒருவர் எத்தனை நாள் பூசுவார்?

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் பணக்கார நாட்டுச் சரக்கு. ரக்சோலிடினிப் கிரீமை 2021இல் அமெரிக்கா அனுமதித்தபோது 60 கிராம் ட்யூபின் விலை சுமார் 2,000 டாலர். 2022இல் அனுமதி பெற்ற டாபினரோஃப், மண்புழுவைவிட மிகச் சிறிய ஓர் உருண்டைப்புழுவின் குடலில் வாழ்ந்து இருட்டில் ஒளிரும் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. மண்ணிலிருந்தும் புழுவிலிருந்தும் மருந்து எடுக்கிறார்கள். மஞ்சளிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயம். புண்ணுக்கு மஞ்சள் என்ற நம் பாட்டிமார் அறிவுக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. வெற்றியைக் கொண்டாடினோம். ஆனால் அந்த மஞ்சளைத் தோலில் ஊடுருவச் செய்து, கறை படியாமல், அளவு தவறாமல் ட்யூபில் அடைத்து, பீட்டாமெத்தசோனோடு மோதவிட்டுப் பார்த்த வேலை அந்த வழக்கின் பாதி உற்சாகத்தோடுகூட நடக்கவில்லை.

நமக்கு வேண்டியது உலகச் சந்தைக்கு வேண்டியதிலிருந்து வேறுபடவும் செய்கிறது. வெளுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். மருந்தின் பலனைச் சிவப்பு குறைவதை வைத்தே மதிப்பெண் போட்டுப் பழகிவிட்டார்கள். கறுத்த தோலில் அது சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரிவதால் நோயின் கடுமை குறைத்தே மதிப்பிடப்படுகிறது. நோய் ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்புதான் இங்கே நோயாளியின் முதல் புகார். புதிய களிம்புகளின் சோதனைகளில் அது ஓரத்துக் கேள்வியாகவே இருக்கிறது. பிசுபிசுக்கும் வாசலின் அடிப்படைக் களிம்பு குளிர்நாட்டுக்கு நன்று. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையோடு அரை மணியில் வழிந்துவிடும்.

நமக்கேற்ற களிம்பைச் செய்து பார்க்க இந்த மாவட்டத்தில் வசதி இல்லாமல் இல்லை. திருப்போரூர்ப் பக்கம் ஆலத்தூரில் சிட்கோவின் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி, பக்கத்திலேயே திருமணி நிலையம், அதே ரயில் தடத்தில் தாம்பரத்துச் சித்த நிறுவனம். தோல் மருந்துக்கு என்றே ஒரு சுலபமான சோதனை முறையும் உண்டு: இரண்டு கையிலும் படை உள்ளவருக்கு ஒரு கையில் ஒரு மருந்து, மறு கையில் இன்னொன்று, எந்தக் கையில் எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. நோயாளியே தனக்கு ஒப்பீடு. வெட்பாலைத் தைலத்தை இப்படிச் சோதிக்க, அதன் ஊதா நிறத்தை மறைப்பதற்கு மட்டும் ஒரு வேதியியலாளர் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.